ஆறு கல், ஒரு முறைக்கான காசு: மலை எழுந்த காலத்தை எதை வைத்துப் பார்ப்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மாணவர் வந்தார். பெங்களூரில் நிலவியல் முதுகலை படிக்கிறார், ஊர் சேலம் பக்கம். தோள்பையை இறக்கி வைத்தபோதே கனமான சத்தம் கேட்டது. உள்ளே தினசரித் தாளில் சுற்றிய ஆறு கற்கள். இரண்டு கோத்தகிரிக்குப் பக்கத்தில் எடுத்தவை, ஒன்று பாலக்காட்டுக் கணவாய் ஓரத்தில், மீதி மூன்று கொடைக்கானல் மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டியை ஒட்டி.

“அக்கா, இதுக்கெல்லாம் வயசு பார்க்கணும். ஒரு முறைக்கு மட்டும்தான் காசு இருக்கு. எது ரொம்பத் துல்லியமோ அதையே பண்ணிடலாமா?”

நான் ஏறத்தாழ இருபது வருடமாகக் கல்லை உடைத்துப் பொடித்து, அதிலிருந்து மணி மணியாகக் கனிமம் பிரித்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். துல்லியத்தை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுத்த பலர், தங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு எண்ணோடு திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதில் செலவான காசும் வராது, கரைந்துபோன கல்லும் வராது. அதனால் அன்று அவரிடம் சொன்னதையும், அடுத்த இரண்டு வாரம் பேசிப் பேசி நாங்கள் வந்து சேர்ந்த முடிவையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

மலைக்கு எத்தனை வயது?

எவரெஸ்ட் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்தது, சுமார் 47 கோடி ஆண்டுப் பழசு, கடல் உயிர்களின் எச்சங்கள் அதில் உண்டு. ஆனால் இமயமலை எழுந்தது இந்தியத் தட்டு ஆசியாவை முட்டிய பிறகு. அந்த மோதல் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. இமாசலத்தில் மண்டிப் பக்கம் போனால் கிரானைட் கிடைக்கும். இமயமலைக்குள்ளேயே இருக்கிறதே என்று அதை எடுத்து வந்து வயது பார்த்தால் 50 கோடிக்குப் பக்கத்தில் வரும். எண் சரியானதுதான். அந்தக் கிரானைட் உறைந்த காலம் அது. அப்போது இமயமலை என்ற ஒன்றே கிடையாது.

நம் தெற்கில் கதை வேறு. லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறையைப் பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஞாயிறு காலை நடக்கப் போகிறவர்கள் அதன்மேல்தான் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. வயது சுமார் 300 கோடி ஆண்டு. பக்கத்தில் ராமநகரத்துக் குன்றுகள் சுமார் 250 கோடி. தெற்கே இறங்கிக் காவிரியைத் தாண்டிப் பழனி மலைப் பக்கம் வந்தால், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எல்லாமே மறுபடி வெந்திருப்பது தெரியும். இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக்கொண்ட காலம் அது. அப்போது இங்கே ஒரு பெரிய மலைத்தொடர் இருந்திருக்க வேண்டும். அது தேய்ந்து கரைந்து, இன்று நம் காலடியில் இருப்பது அதன் வேர். கெங்குவார்பட்டியில் கிடைக்கும், சஃபிரின் என்ற அரிய கனிமம் கொண்ட கற்கள் 900 டிகிரிக்கு மேல் வெந்தவை.

ஆக, மலைக்கு வயது என்று ஒன்றைச் சொல்ல முடியாது. கல் உண்டான காலம், அது ஆழத்தில் வெந்த காலம், மேலே ஏறி ஆறிய காலம், கடைசியாக வெயிலைப் பார்த்த காலம் என்று எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கனிமம், தனி முறை. “இதுல உங்களுக்கு எது வேணும் தம்பி?” என்று கேட்டேன். யோசித்தார். காபி ஆறிப்போகும் அளவுக்கு யோசித்தார். பிறகு, “நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவுல ஒரு கடல் இருந்து, அது மூடி, ரெண்டு நிலமும் முட்டிச்சுன்னு சொல்றாங்களே, அது எப்போன்னு தெரியணும்” என்றார்.

நல்ல கேள்வி. அந்த ஒட்டு எங்கே ஓடுகிறது என்பதிலேயே இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. பாலக்காடு வழியாகக் காவிரிக் கரையோரம் போகும் பிளவு மண்டலம்தான் எல்லை என்று ஒரு சாரார், இல்லை, இன்னும் தெற்கே கரூர், கம்பம், பைனாவு, திருச்சூர் வழியாகப் போகும் கோடுதான் என்று இன்னொரு சாரார். அவருடைய ஆறு கற்களும் இந்த வாதத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவருக்கு வேண்டியது கல் வெந்த காலம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையையும் எடைபோட்டோம்.

சிர்கான்

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. சிர்கான் படிகம் வளரும்போது யுரேனியத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்டச் சேர்க்கவே சேர்க்காது. எனவே இன்று அதற்குள் ஈயம் இருந்தால் அது யுரேனியம் சிதைந்து உண்டானது. அதிலும் யுரேனியம் இரண்டு வகை. யுரேனியம் 238க்கு அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டு, அது ஈயம் 206 ஆகும். யுரேனியம் 235க்கு சுமார் 70 கோடி ஆண்டு, அது ஈயம் 207 ஆகும். ஒரே மணிக்குள் இரண்டு தனித்தனிக் கணக்கு ஓடுகிறது. இரண்டும் ஒரே விடை தந்தால் அந்த வயதை நம்பலாம். தராவிட்டால், நடுவில் ஈயம் கசிந்திருக்கிறது என்று மணியே காட்டிக்கொடுத்துவிடும். வேறு எந்த முறையிலும் இவ்வளவு நேர்மையான உள்தணிக்கை இல்லை.

அதோடு இது சாகாத கனிமமும் கூட. 900 டிகிரியில் வெந்தாலும் உள்ளே இருக்கும் ஈயம் அவ்வளவு எளிதில் வெளியேறாது. ஆற்றில் உருண்டாலும் தேயாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் கிடைத்த சிர்கான் மணி ஒன்று 440 கோடி ஆண்டுப் பழசு. அது பிறந்த பாறை எங்கே போயிற்றோ, மணி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்தச் சாகாத குணம்தான் தம்பியின் கற்களில் சிக்கலாகிறது. பழைய சிர்கான் மணி கல் வெந்த பிறகும் மிஞ்சி நிற்கும், அதன்மேல் புதிதாக ஒரு பூச்சு வளரும். திருவிழாக் கடையில் விற்கும் சீரக மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சீரகம், மேலே அடுக்கடுக்காகச் சர்க்கரை. சீரகத்தின் வயது வேறு, சர்க்கரையின் வயது வேறு. மணியை முழுசாகக் கரைத்து அளந்தால் இரண்டும் கலந்து, எப்போதுமே நடக்காத ஒரு நிகழ்ச்சிக்கு வயது வந்து நிற்கும். அதனால் மணிகளைப் பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து, மின்னணுக் கற்றை படும்போது அவை ஒளிர்வதைப் படம் எடுத்து, எது சீரகம் எது சர்க்கரை என்று பார்த்த பிறகே லேசரை வைக்க வேண்டும். லேசர் தோண்டும் குழி சுமார் 30 மைக்ரான் அகலம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). பூச்சு அதைவிட மெல்லியதாக இருந்தால் லேசர் உதவாது. அயனிக் கற்றையால் சுரண்டும் கருவிக்குப் போக வேண்டும், காசு கூடும்.

இன்னொன்று. 900 டிகிரியில் கல்லில் ஒரு பகுதி உருகும், அந்த உருகலில் சிர்கானும் கொஞ்சம் கரையும். பிறகு உருகல் ஆறி உறையும்போதுதான் புதிய பூச்சு வளரும். எனவே கெங்குவார்பட்டிக் கல்லில் சிர்கான் பூச்சு சொல்வது பெரும்பாலும் அடுப்பு அணைந்த நேரத்தை. பற்றவைத்த நேரம் அதில் இருக்காது. கோத்தகிரிக் கற்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நீலகிரியில் இருக்கும் சார்னோக்கைட் என்ற வகைப் பாறைகள் உண்டானதும் வெந்ததும் 250 கோடி ஆண்டை ஒட்டியே நடந்தவை. அங்கே சிர்கான்தான் முதல் தேர்வு.

நான் செய்த ஒரு தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 250 கோடி ஆண்டுக் கல் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். அளந்தபோது நாற்பது மணிகளில் இரண்டு மட்டும் 55 கோடி காட்டின. அந்த மாணவி அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டு ஒரு அத்தியாயமே எழுதிவிட்டார். பிறகு பார்த்தால், அதற்கு முந்தின நாள் நான் அரித்த வேறொரு கல்லின் மணிகள் சல்லடைத் துணியில் மாட்டியிருந்தன. அந்த அத்தியாயத்தை அவர் கிழித்துப் போட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் புதுத் துணிதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி, சிர்கானுக்கு ஆகாது. ஒற்றை மணியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

காக்காய்ப்பொன்னும் ஆர்கானும்

பெங்களூரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் தண்ணீராக இருக்கும். இரண்டையும் பார்த்தே அறை எவ்வளவு குளிர்ந்தது என்று சொல்லிவிடலாம். கனிமங்களும் இப்படித்தான். பொட்டாசியம் 40 சிதைந்து ஆர்கான் வாயு ஆகிறது, அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. கல் சூடாக இருக்கும்வரை அந்த வாயு கசிந்து போய்விடும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வந்ததும் படிகம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தொடங்கும். ஹார்ன்பிளெண்டு என்ற கனிமத்துக்கு அது சுமார் 500 டிகிரி, வெள்ளைக் காக்காய்ப்பொன்னான மஸ்கோவைட்டுக்குச் சுமார் 400, கறுப்பான பயோடைட்டுக்குச் சுமார் 300. மணியின் அளவும் ஆறும் வேகமும் இந்த எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளும். 1973இல் டாட்சன் என்ற ஆய்வாளர் இதற்கான கணக்கைத் தெளிவாக எழுதிக் கொடுத்தார்.

ஆக இந்த முறை சொல்வது கல் ஆறிய காலம். ஒரே கல்லில் மூன்று கனிமமும் கிடைத்தால் 500, 400, 300 என்று படிப்படியாக ஆறிய வரலாறே கையில் வந்துவிடும். இமயமலையில் இதன் மதிப்பு மிகப் பெரியது. அங்கே சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மெயின் சென்ட்ரல் திரஸ்ட் என்ற பெரும் பிளவின்மேல் ஆழத்துப் பாறைகள் தெற்கு நோக்கி ஏறி வந்தன. அப்போதிலிருந்து ஆறிக்கொண்டே வந்த பாறைகளைப் படிக்கக் காக்காய்ப்பொன்தான் கைகொடுக்கிறது. இமயமலையின் மேற்குக் கோடியில் இருக்கும் நங்க பர்வதத்தின் நடுப்பகுதியில் பயோடைட் 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவாகக் காட்டுகிறது. 300 டிகிரி ஆழத்தில் இருந்த கல் அவ்வளவு சீக்கிரம் மேலே வந்துவிட்டது என்று பொருள்.

கல்லை அணு உலையில் வைத்து நியூட்ரான் அடிக்க வேண்டும், கதிரியக்கம் தணியும்வரை காத்திருக்க வேண்டும். மும்பை ஐஐடியில் இதற்கான தேசிய வசதி இருக்கிறது. ஆனால் படிப்பு முடிய ஆறு மாதம் இருக்கும் மாணவருக்கு இந்தக் காத்திருப்பு இடிக்கும். அப்புறம் வெளியிலிருந்து வந்த ஆர்கான் படிகத்துக்குள் மாட்டிக்கொள்வதும் உண்டு. மிகுந்த அழுத்தத்தில் வெந்த கற்களில் இது அடிக்கடி நடக்கும், வயதைக் கூட்டிக் காட்டிவிடும்.

இரண்டு முறைகளும் ஒரே பாறையில் மோதிக்கொண்ட ஒரு இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உடுப்பிக்கு அருகே மால்பே கடற்கரையிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரிஸ் தீவு. கல்தூண்களைப் பார்க்க பெங்களூரிலிருந்து வாரம் தவறாமல் வண்டிகள் போகின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது கக்கிய எரிமலைப் பாறை அது. சிர்கான் கணக்கு 9.1 கோடி ஆண்டு என்கிறது, ஆர்கான் கணக்கு 8.6 கோடிக்கு அருகில் நிற்கிறது. எரிமலைப் பாறை சீக்கிரம் ஆறிவிடும், இரண்டும் ஒத்துப்போயிருக்க வேண்டும். 50 லட்சம் ஆண்டு இடைவெளி சின்னதாகத் தெரியலாம். கண்டம் பிரிந்த வரிசையை எழுதுகிறவருக்கு அது பெரிய இடைவெளி. ஒரே ஒரு முறையை வைத்துக்கொண்டு அடித்துப் பேசக் கூடாது என்பதற்கு இந்தத் தீவை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

தம்பியின் கேள்விக்கு ஆர்கான் உதவாது. கெங்குவார்பட்டிக் கல் 900 டிகிரியில் வெந்து எத்தனையோ காலம் கழித்து 300 டிகிரிக்கு வந்ததை மட்டும்தான் அது சொல்லும்.

பிளவுத்தடம்

அபடைட் என்ற கனிமத்தில் யுரேனியம் அணு தானாகப் பிளக்கும்போது படிகத்தில் ஒரு கீறல் விழும். அமிலத்தில் கழுவினால் நுண்ணோக்கியில் தெரியும், எண்ணலாம். 110 டிகிரிக்கு மேல் அந்தக் கீறல்கள் மூடி மறைந்துவிடும். எனவே எண்ணிக்கை சொல்வது, கல் 110 டிகிரிக்குக் கீழே வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை. கீறல்களின் நீளத்தைப் பார்த்தால் வேகமாக வந்ததா, நடுவில் தங்கித் தங்கி வந்ததா என்றும் தெரியும். குருக்ஷேத்திரப் பல்கலைக்கழகத்தில் இதை நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆழம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 30 டிகிரி கூடுகிறது, தரையில் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 110 டிகிரி என்பது 3 கிலோமீட்டர் ஆழம். வயது 20 லட்சம் ஆண்டு என்று வந்தால், ஆண்டுக்கு 1.5 மில்லிமீட்டர் வீதம் மேலே இருந்த பாறை கழன்றிருக்கிறது. ஆனால் வேகமாகக் கழலும் இடத்தில் சூடும் சேர்ந்தே மேலே ஏறிவிடும் என்பதால் அந்த 30 டிகிரியையே சந்தேகிக்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மேலே இருந்த பாறை கழன்றதைத்தான் இது அளக்கிறது, மலை உச்சி உயர்ந்ததை அல்ல. மலை உயராமலே மழையும் ஆறும் பாறையைச் சீவலாம். “இத்தனை லட்சம் ஆண்டுகளுக்கு முன் மலை இவ்வளவு உயர்ந்தது” என்று பிளவுத்தடத்தை மட்டும் வைத்து எழுதியிருந்தால் நான் அந்த வரியை அடித்துவிடுவேன்.

இன்றைய பழனி மலையும் நீலகிரியும் ஏன் இவ்வளவு உயரமாக நிற்கின்றன, மடகாஸ்கர் பிரிந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி என்றால், நான் தயங்காமல் இதைத்தான் பரிந்துரைப்பேன். தம்பி கேட்டது அதைவிடப் பழைய மலை.

சீக்கிரம் தள்ளிவைத்தவை

ரூபிடியம் சிதைந்து ஸ்ட்ரான்சியம் ஆகும் கணக்கை வைத்துத்தான் ஒரு காலத்தில் நம் நாட்டுப் பாறைகளுக்கு வயது நிறையப் போட்டார்கள். ஐந்தாறு கல்லை அளந்து, வந்த எண்களை வரைபடத்தில் ஒரு கோட்டில் வைத்து, கோட்டின் சாய்விலிருந்து வயது எடுப்பது. இரண்டு வேறு பாறைகள் கலந்தாலும் கோடு நேராகவே வரும் என்பதால் முழுப்பாறையை வைத்து இனி அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

பெரிலியம் 10, ஒளிச்சுடர் முறை இரண்டும் அருமையானவை. ஒன்று பாறை விண்கதிர் பட்டுக் கிடந்த காலத்தைச் சொல்லும், மற்றது மணல் கடைசியாக வெயில் பார்த்த காலத்தை. தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் பெரிலியம் அளக்கிறார்கள். இமயமலையில் ஆற்றுப்படுகை எப்போது வெட்டுப்பட்டது, பிளவு எப்போது நகர்ந்தது என்று பார்க்க இவை வேண்டும். பெரிலியம் 10இன் அரை ஆயுளே சுமார் 14 லட்சம் ஆண்டு. 55 கோடி ஆண்டுக் கேள்வியோடு அதன் வாசலுக்குப் போகக் கூடாது.

கார்னெட் என்ற கனிமத்தைத் தள்ளத்தான் மனம் வரவில்லை. தட்டுகள் முட்டி நிலம் தடித்து, கல் கீழே அமுங்கும்போது கார்னெட் வளர்கிறது. அதற்குள் லுடீசியம் ஹாஃப்னியமாகச் சிதைவதை நேரடியாக அளந்தால் மோதலின் காலமே கிடைக்கும். லடாக்கில் சோ மோரிரிப் பக்கம் 90 கிலோமீட்டருக்கும் ஆழம் போய்த் திரும்பி வந்த பாறைகள் இருக்கின்றன, சுமார் 5 கோடி ஆண்டுக் கதை. அந்த மாதிரிக் கற்களுக்குக் கார்னெட்டைத்தான் சொல்வேன். ஆனால் தூசி புகாத ஆய்வகம், பல வாரம் அமில வேலை, நுணுக்கமான கை எல்லாம் வேண்டும். அதோடு 900 டிகிரியில் நெடுங்காலம் கிடந்த கல்லில் கார்னெட்டின் கணக்கும் ஆடிப்போயிருக்கலாம். முதல் ஆய்வுக்கு இது பெரிய சுமை.

மோனசைட்

என் ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். சின்ன வயதில் கடற்கரையில் கறுப்பும் சிவப்பும் கலந்த மணலில் விளையாடுவோம். அதற்குள் தேன் நிறத்தில் ஒரு மணி இருக்கும். அதுதான் மோனசைட் என்பதும், தோரியத்துக்காக அரசு நிறுவனம் அதைப் பிரிக்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. அந்த மணி மலையில் இருந்த பாறை சிதைந்து, ஆற்றோடு வந்து கடலில் சேர்ந்தது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்த மலை வேரின் துண்டைத்தான் நாங்கள் காலால் அளைந்துகொண்டிருந்தோம். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளை இன்னும் மறக்கவில்லை. இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மோனசைட்டில் தோரியமும் யுரேனியமும் நிறைய இருக்கும், தொடக்கத்தில் ஈயம் மிகமிகக் குறைவு. வெக்கையில் ஈயத்தைப் பிடித்துவைப்பதில் சிர்கானுக்கு அடுத்த இடம். ஆனால் சிர்கானைப் போல ஒரே பிடிவாதம் கிடையாது. கல் வேகும்போது அக்கம்பக்கத்துக் கனிமங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டு, கரைந்து, மறுபடி வளரும். அந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்கு அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

கணக்குச் சொல்வது யிட்ரியம் என்ற தனிமம். கார்னெட் யிட்ரியத்தை விரும்பி எடுத்துக்கொள்ளும். கார்னெட் வளர்வதற்கு முன் உண்டான மோனசைட்டில் யிட்ரியம் அதிகம் இருக்கும். கார்னெட் வளர்ந்துகொண்டிருக்கும்போது உண்டானதில் குறைந்துவிடும். பிறகு மலை சரிந்து அழுத்தம் குறைந்து கார்னெட் உடையத் தொடங்கினால், வெளியே வந்த யிட்ரியம் அப்போது வளரும் மோனசைட் விளிம்பில் மறுபடி கூடும். ஒவ்வொரு வளையத்துக்கும் வயது தனியாக அளக்கலாம். அப்படிச் செய்தால் 55 கோடி என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல், அமுங்கத் தொடங்கியது எப்போது, மேலே வரத் தொடங்கியது எப்போது என்று பிரித்துச் சொல்ல வழி பிறக்கும். கார்னெட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்ட மோனசைட் மணி கிடைத்தால் இன்னும் நல்லது. கார்னெட் மூடியதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. தம்பியின் கேள்விக்கு மிக அருகில் வரும் பதில் அங்கேதான் இருக்கிறது.

இதற்குக் கல்லைப் பொடிக்கக் கூடாது. பொடித்தால் எந்த மணி கார்னெட்டுக்குள் இருந்தது, எது வெளியே இருந்தது என்ற விவரம் போய்விடும். மெல்லிய சீவலாக வெட்டி, மணியை அதன் இடத்திலேயே வைத்து அளக்க வேண்டும். மணி பிரிப்பதே தொழிலாக இருக்கும் நான் இதைச் சொல்வது தம்பிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் உண்மை அதுதான்.

அளக்க இரண்டு வழி. மின்னணு நுண்ஆய்வுக் கருவியில் தோரியம், யுரேனியம், ஈயம் மூன்றின் அளவை மட்டும் பார்த்து வயது கணக்கிடலாம். பல இடங்களில் கிடைக்கும், செலவு குறைவு, சில மைக்ரான் அகலத்துக்குள் அளக்கலாம். ஆனால் ஈயத்தின் வகைகளைப் பிரித்துப் பார்க்காது என்பதால் சிர்கானில் சொன்ன உள்தணிக்கை இங்கே இல்லை. இளம் பாறைக்கு இந்த வழி ஒத்துவராது. 2 கோடி ஆண்டில் யுரேனியம் 238இல் வெறும் 0.3 விழுக்காடுதான் சிதைந்திருக்கும், தோரியம் அதைவிட மெதுவாகச் சிதைவது. அந்தச் சொற்ப ஈயத்தைக் கருவி பிடிக்கத் திணறும். 55 கோடி ஆண்டில் யுரேனியம் 8 விழுக்காட்டுக்கு மேல் சிதைந்திருக்கும், நம் கல்லுக்குப் போதும். இரண்டாவது வழி லேசர். வகை வகையாக ஈயத்தை அளக்கும், குழி கொஞ்சம் பெரிது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சூடான நீர்மம் பாறை வழியாக ஓடினால் மோனசைட் குறைந்த வெப்பத்திலேயே மாறிப்போகும், பிறகு வந்த நிகழ்ச்சியின் வயதை முந்தைய நிகழ்ச்சி என்று நாம் எடுத்துக்கொள்ளக்கூடும். சுண்ணாம்புச் சத்து அதிகமான சார்னோக்கைட்டுகளில் இது கிடைப்பதே அரிது. அதனால் கோத்தகிரிக் கற்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது.

எடுத்த முடிவு

காசு ஒரு முறைக்குத்தான். ஆனால் லேசர் ஆய்வகத்தில் ஒரே நாள் நேரத்தில் மோனசைட்டும் சிர்கானும் அடுத்தடுத்து அளக்க முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதனால் ஆறு கல்லையும் அளக்கும் ஆசையை முதலில் விட்டோம். கெங்குவார்பட்டிக் கற்களில் கார்னெட் பெரிதாக இருக்கும் இரண்டை மட்டும் சீவலாக வெட்டி மோனசைட் பார்ப்பது. அளப்பதற்கு முன் யிட்ரியம் படம் எடுத்தே ஆக வேண்டும், அதில் சிக்கனம் கூடாது. கோத்தகிரிக் கல்லில் ஒன்றை மட்டும் பொடித்து முப்பது நாற்பது சிர்கான் மணி. அந்தப் பக்கம் 55 கோடியின் தடம் கொஞ்சமாவது படிந்திருக்கிறதா, அல்லது 250 கோடியோடு நின்றுவிட்டதா என்று பார்க்க அது போதும். மற்ற மூன்று கல்லும் பெட்டிக்குள். கணவாய் ஓரத்துக் கல்லை விடத்தான் அவருக்கு மனமில்லை. இரண்டு நிலமும் உரசிய இடத்துக் கல் அது, அதில் எல்லா வயதும் கலங்கிக் கிடக்கும், ஒரு முறையைக் கொண்டு அதை அவிழ்க்க முடியாது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

“அக்கா, ரெண்டு கல்லும் வேற வேற வயசு சொல்லிட்டா?” என்று கிளம்பும்போது கேட்டார். சொன்னால் நல்லதுதான், இரண்டு சீவலிலும் கார்னெட்டுக்குள் இருந்த மணியையும் வெளியே இருந்த மணியையும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன்.

சீவல் வெட்டக் கொடுத்தாயிற்று. கோத்தகிரிக் கல்லை வரும் வாரம் நான் உடைக்கிறேன். சல்லடைத் துணி புதிதாக இரண்டு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.